நிறுத்திய இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்: ஒரு மர்மக் கதையை இளையோர் இரண்டு முறை படித்த நிகழ்வு

இதில் வருகிறவர்களின் ஊர், வயது, வேலை பற்றிய சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கைப்பிரதியைப் பற்றி எழுதுவதற்கு அதை எழுதியவர் சம்மதித்தார். ஒன்பதாம் அத்தியாயம் பற்றிய பகுதியை, சம்பந்தப்பட்ட பெண்ணும் அவள் அம்மாவும் படித்துச் சரி என்ற பிறகே சேர்த்தேன்.

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்குள்ள நூலகத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வாசிப்பு வட்டம் கூடும். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவருக்கு உப்பளத்தில் வேலை. வட்டத்தை நடத்துவது இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லோருக்கும் அவர் தமிழய்யா. இன்னொருத்தி நான். பதிப்பகம் ஒன்றில் சில வருஷம் மெய்ப்பு பார்த்த அனுபவம் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தமிழில் புத்தகம் தேடுவது லேசான வேலை இல்லை. சிறுவர் அலமாரி பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த அலமாரி பெரியவர்களுடையது. மர்மக் கதைக்குத் தமிழில் பஞ்சமில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்திருக்கிறார்கள். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்து இரண்டு தலைமுறையை வாசிக்க வைத்தது. எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையெல்லாம் மாத நாவல் தொங்கியது. ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணோ பையனோ நடுவில் நின்று, தன் வயதுக்குரிய சிக்கலோடு ஒரு மர்மத்தை எதிர்கொள்ளும் கதை என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடலாம். எங்கள் பிள்ளைகள் மாத நாவல்களைத்தான் கேட்பார்கள். தமிழய்யாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஜூன் மாதம் ஒரு கைப்பிரதி எங்களிடம் வந்தது. எழுதியவர் நாற்பதைக் கடந்த பெண், வங்கி ஊழியர். சொந்த ஊர் மதுரை. மாற்றலாகி இந்தப் பக்கம் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பள்ளி நாளிலிருந்தே மாத நாவல் வாசகி. “பிள்ளைங்ககிட்ட கொடுத்துப் பாருங்க, நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே சொல்லட்டும்” என்றார். அப்படிச் சொல்கிற எல்லோரையும் போல, நன்றாக இருக்கிறது என்று கேட்கத்தான் அவரும் வந்திருந்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கைப்பிரதி

24 அத்தியாயம், சுமார் 41,000 சொல். கதை உப்பளத்தைச் சுற்றி நடக்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்; அவளுடைய அப்பா ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. நவம்பர் மாதத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. பெண் துப்புத் தேடுகிறாள். கதையை ‘நான்’ என்று அவளே சொல்கிறாள்.

நாலாம் அத்தியாயத்தில், அரிசிப் பானைக்குள் அப்பா வைத்துவிட்டுப் போன கடிதம் அவளுக்குக் கிடைக்கிறது. ‘படித்தேன். என் கைகள் நடுங்கின’ என்று அத்தியாயம் முடிகிறது. கடிதத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவது இருபத்திரண்டாம் அத்தியாயத்தில்.

படித்து முடித்ததும் தமிழய்யா சொன்னது: “நடை சுத்தமா இருக்கு. ஆனா பதினஞ்சு வயசுப் பொண்ணு மேலாளர் கடிதம் மாதிரிப் பேசுது.” எனக்கும் எங்கேயோ இடறியது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் வாசிப்பு: என்ன செய்தோம்

11 பேர் படிக்க ஒப்புக்கொண்டார்கள். ஏழு பெண்கள், நான்கு பையன்கள், 13 முதல் 17 வயது வரை. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். முழுதும் படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை; போதும் என்று தோன்றுகிற இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வித்தாள் கொடுப்பதைவிட இது மேல் என்று நினைத்ததற்குக் காரணம் உண்டு. ‘கதை பிடித்ததா’ என்று கேட்டால் பிள்ளைகள் மரியாதைக்காகப் பிடித்தது என்பார்கள். நிறுத்திய இடம் அப்படி மரியாதைக்காகப் பொய் சொல்லாது. (டிக்கெட்டிலும் ஒரு வேடிக்கை நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ் என்பதால் கையில் டிக்கெட் இருக்காது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டை அம்மாக்களிடம் வாங்கி வந்தார்கள்.)

ஆகஸ்ட் கடைசிக்குள் எல்லாப் பிரதியும் திரும்பி வந்தது. ஐந்து டிக்கெட் அத்தியாயம் 5க்கும் 7க்கும் இடையில். மூன்று டிக்கெட் 11, 12இல். ஒன்று ஒன்பதாம் அத்தியாயத்தில். முழுதும் படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி ஏழாம் அத்தியாயத்திலிருந்து கடிதத்தைத் தேடி நேரே இருபத்திரண்டுக்குத் தாவிவிட்டு, பிறகு பொறுமையாகப் பின்னால் வந்தவள்.

கூடிப் பேசியது செப்டம்பர் முதல் ஞாயிறு. அங்கே நாங்கள் செய்த முதல் பிழை, எழுதியவரையும் உட்கார வைத்தது. ஒரு மணி நேரம் பிள்ளைகள் மாறி மாறிப் பாராட்டினார்கள். “சூப்பரா இருக்கு மேடம்.” “ட்விஸ்ட் செமயா இருந்துச்சு.” இரண்டாவதைச் சொன்னவன் ஆறாம் அத்தியாயத்தில் டிக்கெட் வைத்தவன். அவர் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனதும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

எங்கே, ஏன் நிறுத்தினார்கள்

கடிதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஐந்து பேர் போனார்கள்.

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: “அவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. ஆனா ‘நான் நான்’னு எங்கிட்டதான் கதை சொல்லுதா. அப்போ அவ எங்கிட்ட மறைக்கா. எதுக்குக்கா நான் அவ கூடப் போகணும்?”

இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. கதை சொல்கிறவளுக்கு ஒன்று தெரியாமல் இருந்து, அவளோடு சேர்ந்து நாமும் தேடினால் அது மர்மம். அவளுக்குத் தெரிந்ததை நம்மிடமிருந்து ஒளித்தால், தேடுவதற்கு நமக்கு ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். பதினெட்டு அத்தியாயம் காத்திருக்கப் பதினான்கு வயதுக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது, கைப்பிரதி என்பதால்தான் படித்தேன்.

எழுதியவரின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் புரிந்தது. ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படையில் இன்னொரு கதை, கடைசிப் பக்கங்களில் இரண்டும் ஒன்று சேரும் மாத நாவல் கட்டமைப்பில் வளர்ந்தவர் அவர். அங்கே மறைப்பது செல்லும். மொத்தமே நூறு பக்கம், ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிடும், கதை சொல்கிறவரும் வெளியில் நிற்கிறவர். அதே வித்தையை நீளமான தன்மைக் கதைக்குள் வைத்தபோது அது வாசகரை ஏமாற்றுவதாக மாறிவிட்டது.

பதினொன்று, பன்னிரண்டில் நின்ற மூன்று பேரும் பெண்கள். பத்தாம் அத்தியாயத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். நல்லவர், புத்திசாலி, மீசை வைத்தவர். அவர் வந்த பிறகு விசாரிப்பது, கண்டுபிடிப்பது, துரத்துவது எல்லாம் அவர்தான். “அதுக்கப்புறம் அவ டீ போட்டுக் கொடுக்கா, அவ்வளவுதான்” என்றாள் ஒருத்தி. எண்ணிப் பார்த்தேன். 10 முதல் 20 வரை அந்தப் பெண் நான்கு முறை டீ போடுகிறாள். எழுதும்போது யாருடைய கண்ணிலும் படாத கணக்கு இது. எனக்கும் முதல் வாசிப்பில் படவில்லை.

அப்புறம் உப்பளம். இதில் நிறுத்தியவர்கள் யாரும் இல்லை, ஆனால் சிரித்தவர்கள் பலர். கதையின் முக்கியமான காட்சி நவம்பரில் உப்பு வாரும் இடத்தில் நடக்கிறது. “ஐப்பசி மழையில எவன் உப்பு வாருவான்?” என்று ஒரு பெண் கேட்டாள். அவள் அம்மாவும் பாட்டியும் அளத்துக்குப் போகிறவர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இங்கே அளத்தில் வேலை கிடையாது. மழைநீர் விழுந்தால் பாத்தியில் விளைந்ததும் கரைந்துவிடும். உப்பு வெயிலில்தான் விளையும். அந்த மூன்று மாதம் வீட்டில் கடன் வாங்கும் காலம். இது தெரியாமல் ‘நவம்பர் மாதம் சுறுசுறுப்பாக வேலை நடந்துகொண்டிருந்தது’ என்று எழுதினால், அந்தப் பெண்ணுக்கு மர்மம் எல்லாம் பிறகு. முதலில் இந்தக் கதைக்காரிக்கு எங்கள் ஊர் தெரியாது என்பதுதான் தெரியும்.

துப்பாக வந்த காலடித் தடத்துக்கும் அதே கதி. பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது தடம் எப்படி நிற்கும்? வரப்பில் நிற்கலாம், ஆனால் விடிவதற்குள் அதன்மேல் பத்துப் பேர் நடந்திருப்பார்கள்.

கைப்பேசி பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் போன் உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துவிடுகிறது. “கதையில வர்ற எல்லா போனும் தண்ணியிலதான் விழும், இல்லைன்னா சார்ஜ் போயிரும்” என்றான் ஒருவன். போன் இருந்தால் மர்மம் நிற்காது என்ற பயத்தில் எழுதுகிறவர்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பயம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிகிறது.

ஒன்பதாம் அத்தியாயம்

ஒன்பதாம் அத்தியாயத்தில் டிக்கெட் வைத்தவள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பிரதியைத் தோழியிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றார்கள். நான் குறிப்பேட்டில் ‘9 – தொய்வு?’ என்று எழுதி வைத்தேன். எட்டு டிக்கெட்டும் சலிப்பால் விழுந்தவை; ஒன்பதாவதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. நாலாவது வாரம் ஒரு சனிக்கிழமை மாலை நூலகத்துக்கு வேறு புத்தகம் எடுக்க வந்தவள், நூலகரிடம் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாள்: அந்தக் கதையில் ஒருத்தர் தூக்குப் போட்டுக்கொள்வது வருகிறது, போன வருஷம் எங்கள் வீட்டில் அது நடந்தது. நூலகர் எனக்கு போன் செய்தார்.

அத்தியாயத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். காணாமல்போன அப்பாவின் நண்பர் ஒருவர் இறந்து கிடக்கிறார். கடன் தொல்லையால் தற்கொலை என்று ஊரே நம்புகிறது. இருபதாம் அத்தியாயத்தில்தான் அது கொலை என்று தெரியும். வாசகரைத் திசைதிருப்ப வைத்த காட்சி. ஒன்றரைப் பக்கத்துக்கு, எப்படி, எதைக்கொண்டு என்பதுவரை விவரித்திருந்தார். இரண்டு பெரியவர்கள் படித்தோம், அந்த ஒன்றரைப் பக்கத்தை விறுவிறுப்பான இடம் என்று கடந்து போயிருக்கிறோம். மெய்ப்பு பார்க்கும் கண்ணால் அதில் ஒரு சந்திப்பிழையை நான் திருத்தியும் இருந்தேன்.

அன்றைக்கே இரண்டு முடிவுகள் எடுத்தோம். திரும்பி வந்த பிரதிகளை இனி எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காமல் இருப்பது. அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது. தமிழய்யா அவளுடைய அம்மாவுக்கும் பாடம் எடுத்தவர் என்பதால் அவர் முன்னால் போனார், நான் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்டோம். பெண்ணிடம் கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேவைப்பட்டால் பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ எழுதிக் கொடுத்தோம். அவள் படிக்கும் பள்ளியில் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம், அம்மாவின் சம்மதத்தோடு, சொல்லி வைத்தோம். இதற்கு மேல் நாங்கள் தலையிடவில்லை. அதற்கான பயிற்சி எங்களுக்கு இல்லை.

எழுதியவரிடம் சொன்னபோது அவர் முதலில் அதிர்ந்தார், பிறகு தன் கதைக்காக வாதாடினார். “அது தற்கொலையே இல்லையே, கடைசியில கொலைன்னு வருதே” என்றார். “ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிற பிள்ளைக்கு இருபதாம் அத்தியாயம் எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கும், 2019இல் திரைத்துறையினருக்கும் வெளியிட்டிருக்கும் வழிகாட்டிகளில் தற்கொலை முறையை விவரிக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதையும் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, எடுத்துவிடுகிறேன் என்று செய்தி அனுப்பினார்.

இளையோர் கதையில் மரணமே வரக்கூடாது என்பது என் கட்சி இல்லை. பிள்ளைகள் மரணத்தைப் பார்க்காதவர்கள் என்று நினைக்கிற பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்க்காதவர்கள். ஆனால் ஒரு தற்கொலையைத் துப்பறியும் ஆட்டத்தில் போலித் துப்பாகப் பயன்படுத்துவது வேறு விஷயம்.

திருத்தம்: எடுத்த முடிவுகள்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திருத்தம் நடந்தது. எழுதியது அவர். நாங்கள் பேசினோம், அவ்வளவுதான். முடிவுகள் எல்லாம் சுமுகமாக வரவில்லை.

கடிதத்தை நாலாம் அத்தியாயத்திலேயே முழுசாகக் கொடுத்துவிடுவது என்பதில்தான் பெரிய சண்டை. “எல்லாத்தையும் அங்கேயே சொல்லிட்டா கடைசியில சொல்ல என்ன இருக்கு?” என்பது அவர் கேள்வி. நான் சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் இன்னொரு இயக்குநரான த்ரூஃபோவுடன் நடத்திய உரையாடலில் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டை எடுத்துவிட்டேன். குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் வெடிக்கும்போது பதினைந்து விநாடி அதிர்ச்சி. முன்னமே தெரிந்தால் பதினைந்து நிமிஷம் பதைப்பு. சஸ்பென்ஸ் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வது, அவரும் கேட்டிருக்கிறார். “அது சினிமாவுக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அவரை மாற்றியது அந்தப் பதினான்கு வயதுப் பையன் சொன்னதுதான். குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “மறைக்கான்னா சொன்னான்?” என்று கேட்டார். மறுவாரம் புது நாலாம் அத்தியாயம் வந்தது.

புது வடிவில் கடிதம் இப்படி இருக்கிறது: அப்பா உயிரோடு இருக்கிறார், முதலாளியின் இரண்டாவது கணக்குப் புத்தகம் அவரிடம் இருக்கிறது, அம்மாவிடமும் போலீஸிடமும் சொல்லாதே, யாரோ வீட்டைக் கவனிக்கிறார்கள். இப்போது நமக்கு எல்லாம் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள். பெண் வாயைத் திறந்தால் அப்பாவுக்கு ஆபத்து, திறக்காவிட்டால் அம்மாவின் நிலை இது. சோறு போடுகிற காட்சி ஒன்று, முன்பு நிரப்புப் பக்கமாக இருந்தது, இப்போது புத்தகத்திலேயே பதைப்பான இடமாக மாறியது. ஒரு வாக்கியம்கூட அதில் மாற்றவில்லை. நமக்குத் தெரிந்தது மட்டும்தான் மாறியது.

இன்ஸ்பெக்டர் விஷயத்தில் நான் முழுதாக நீக்கச் சொன்னேன், தமிழய்யா மறுத்தார். பத்தாம் வகுப்புப் பெண் குற்றவாளியைக் கைது செய்ய முடியாது, கதை காற்றில் பறந்துவிடும் என்றார். அவர் சொன்னதே சரி. இன்ஸ்பெக்டர் பதினைந்தாம் அத்தியாயத்தில் வருகிறார். யாரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பது என்ற முடிவை அவள் எடுத்த பிறகு. இங்கே எனக்கு அமெரிக்க எழுத்தாளர் எஸ். இ. ஹின்டன் நினைவுக்கு வந்தார். ஆங்கிலத்தில் இளையோர் நாவல் என்ற தனி வகையே அவருடைய முதல் நாவலோடு தொடங்கியதாகப் பலரும் சொல்வார்கள். 1967இல் அது வெளியானபோது அவருக்கு வயது பதினெட்டு. அந்த வகையில் ஒரு வழக்கம் உண்டு: தவறோ சரியோ, முடிவை எடுக்கிறவரும் அதற்கு விலை கொடுக்கிறவரும் இளையவர்தான். இன்ஸ்பெக்டர் மீசையைவிட இதுதான் அந்த மூன்று பெண்களுக்கும் வேண்டியிருந்தது.

சரி, பதினைந்து வயதுப் பெண் இருட்டில் தனியாக உப்பளத்துக்கு எப்படிப் போவாள்? பெற்றோர் படித்தால் சண்டைக்கு வருவார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்குமே பயம். இதற்கு வழி சொன்னவள் ஐப்பசி மழை பற்றிக் கேட்ட அதே பெண். வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க விடியும் முன்பே பெண்கள் லோடு ஆட்டோவில் கிளம்பிவிடுவார்கள். அவர்களோடு ஏறிப்போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கதை மே மாதத்துக்கு நகர்ந்தது. பள்ளி விடுமுறை, உப்பு விளையும் பருவம், இரண்டும் பொருந்தின. நிலா வெளிச்சத்தில் வெள்ளையாகக் கிடக்கும் உப்பு அம்பாரங்களுக்கு நடுவே ஒருவர் நடந்தால் வெகுதூரத்திலிருந்தே தெரியும் என்பதையும் அவளே சொன்னாள். ஒளிய இடமில்லாத இடத்தில் ஒளிய வேண்டிய காட்சி அப்படித்தான் வந்தது. காலடித் தடம் போய்விட்டது, யாரும் வருந்தவில்லை. எழுதியவரிடம் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் படிக்கக் கொடுத்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே பழகி எழுதப்பட்டது. அதோடு அந்தப் பெண்ணின் பாட்டியையும் போய்ப் பார்த்து வந்தார். பாட்டி சொன்னதில்தான் அதிகம் கிடைத்தது என்றார்.

போன் உயிர் பெற்றது. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது அம்மாவிடம். பெண் இரவில் அதை எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறாள். ஒற்றை டிக். எட்டு நாள் ஒற்றை டிக். ஒன்பதாவது இரவு இரட்டை டிக். அந்தப் பக்கம் போன் உயிர் பெற்றுவிட்டது, ஆனால் அதைக் கையில் வைத்திருப்பது அப்பாதானா? இந்த யோசனை எந்தப் பெரியவருடையதும் இல்லை. போன் தண்ணீரில் விழும் என்று கேலி செய்த பையனிடம், “அப்படின்னா நீயே ஒரு வழி சொல்லு” என்றதற்கு அவன் இரண்டு நிமிஷத்தில் சொன்னது.

ஒன்பதாம் அத்தியாயம் போனது. அந்த நண்பர் இப்போது கடையைப் பூட்டிவிட்டு இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகிறார். கதையின் நடுப்பகுதி இதனால் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று எழுதியவர் இன்றும் சொல்கிறார். ஓரளவு உண்மை. அதற்கு ஈடான காட்சி ஒன்றை நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மொழி பற்றி அதிகம் பேசவில்லை. உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் கதை சொல்வதை எழுத்துத் தமிழிலும் வைப்பது என்று முடிவாயிற்று. தமிழய்யா நாற்பது இடத்தில் அடித்தார், எழுதியவர் முப்பதை ஏற்றார்.

இரண்டாம் வாசிப்பும் பின்பு நடந்ததும்

ஜனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி, 17 அத்தியாயம், சுமார் 29,000 சொல் கொண்ட புதுப் பிரதியைக் கொடுத்தோம். இந்த முறை முதல் பக்கத்தில் மூன்று வரிக் குறிப்பு: கதையில் என்னென்ன வருகிறது, கடினமாக இருந்தால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, சொல்ல விரும்பினால் யாரிடம் சொல்லலாம்.

பழைய வாசகர்களில் ஏழு பேர் மறுபடி எடுத்தார்கள், ஏழு பேரும் முடித்தார்கள். இதை வெற்றியாக எண்ணக்கூடாது. அதில் மூன்று பேருடைய யோசனைகள் கதைக்குள் இருந்தன. தங்கள் சொந்தச் சொத்தைப் படிப்பதுபோல் படித்தார்கள். உண்மையான கணக்கு புதிதாகச் சேர்ந்த நான்கு பேருடையது. மூவர் முடித்தார்கள். ஒருத்தி இரண்டாம் அத்தியாயத்திலேயே டிக்கெட் வைத்துவிட்டாள். அங்கே ஊரை வர்ணிக்கும் நான்கு பக்கம் இருந்தது. முதல் பிரதியிலும் இருந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. முன்பு கடிதம் பெரிய பள்ளமாக இருந்ததால் இந்தச் சின்னப் பள்ளம் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். நான்கு பக்கம் ஒன்றரையாகக் குறைந்தது.

நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது தெரியும். முடித்த மூவரில் ஒருவன் சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டேன்: எந்த இடத்தில் வேகமாகப் படித்தாய் என்று கேட்டதற்கு, சண்டைக் காட்சியையோ துரத்தலையோ சொல்லாமல், “அவங்கம்மா போனைத் தேடுற இடம்” என்றான்.

கைப்பிரதி ஒரு பதிப்பகத்துக்குப் போனது. இன்ஸ்பெக்டரை முன்னால் கொண்டுவந்து அவரை வைத்துத் தொடர் வரிசையாக எழுதினால் போடலாம் என்றார்கள். எழுதியவர் மறுத்துவிட்டார். நான் மறுக்கச் சொல்லவில்லை. பணம் தருகிற இடம், யோசியுங்கள் என்றுதான் சொன்னேன். கடைசியில் சிறு பதிப்பகம் ஒன்றின் மூலம் 200 பிரதி அச்சிட்டார். செலவில் பாதி அவருடையது. அதில் பத்துப் பிரதி எங்கள் வட்டத்தின் அலமாரியில் இருக்கிறது. பெரும்பாலும் வெளியில்தான் இருக்கிறது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் நிறுத்திய பெண் நவம்பரில் வட்டத்துக்குத் திரும்பினாள். புதுப் பிரதியைக் கொடுக்கவா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் படிப்பது பழைய காமிக்ஸ்.

அடுத்த முறை

அடுத்து இன்னொரு கைப்பிரதி வந்திருக்கிறது, கலங்கரை விளக்கம் ஒன்றில் நடக்கும் கதை. அதற்காகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். பெரியவர் ஒருவர், கதையின் தரத்தைப் பார்க்காமல், பிள்ளைகளைக் காயப்படுத்தக்கூடிய இடம் எது என்று மட்டும் பார்த்து ஒரு முறை படிக்கவேண்டும். அந்த வேலையை நூலகர் ஏற்றிருக்கிறார். டிக்கெட்டின் பின்புறம் ஒரு வார்த்தை எழுதலாம், எழுதாமலும் விடலாம். கூட்டத்துக்கு வராதவருக்கு நான் காரணம் எழுதி வைக்கமாட்டேன். எழுதியவர் முதல் கூட்டத்தில் இருக்கமாட்டார். பாதி வாசகர்களை இரண்டாம் வாசிப்புக்கென்று தனியாக ஒதுக்கி வைக்கிறோம். அவர்கள் காதில் கதை விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே பள்ளி, ஒரே பஸ்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பிரதிகளைக் கொடுக்கிறோம். டிக்கெட்டை இந்த முறை நாங்களே சேர்த்து வைத்திருக்கிறோம்.